ஊர் வண்டியில் ஒரு ஷார்ட்

"தனபாக்கியம் வூட்ல பல்பு எரியுதுடி."

"எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போவுது. நாமதான் அந்த வூட்டப் பாக்குறதில்லையே."

ஏலக் கூடத்தின் ஓரத்தில் காரப்பொடி மீனைப் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இப்படிப் பேசிக்கொண்டது, பக்கத்தில் நின்ற ஊர் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பச்சை பூத்துப்போன வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் காதில் விழுந்தது. அவன் அங்கே கிடப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் தனபாக்கியம் அவனுடைய அண்ணி, அண்ணியின் பெயரை அவன் முன்னால் சொல்வதில்லை என்பது புன்னைக்கோடியில் எழுதாத வழக்கமாகியிருந்தது, அவளைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு தீர்மானம் போட்டாகிவிட்டது.

தீர்மானம் இதுதான்: தனபாக்கியத்தோடு யாரும் பேசக் கூடாது, அவள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, அவள் கையிலிருந்து எதையும் வாங்கவோ அவள் கையில் எதையும் கொடுக்கவோ கூடாது, மீறினால் மீறியவருக்கும் அதே கட்டுப்பாடு. புயல் கூண்டு ஏற்றியிருந்த ஒரு ஐப்பசிக் காலையில், போகத் தயங்கி நின்ற அவள் புருஷன் நாகமுத்துவைப் பார்த்து, படகுக்காரரும் ஊருக்குத் தலைவரான நாட்டாருமான கலியபெருமாள், "பயமா இருந்தா பொண்டாட்டி சீலையக் கட்டிக்கிட்டு வூட்ல இரு" என்று கரையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்ல, நாகமுத்து படகில் ஏறினான். படகு திரும்பியது, அவன் திரும்பவில்லை. கடல் எடுத்துக்கொண்டது என்று ஊர் சொன்னது. ஆள் எடுத்துக் கொடுத்துத்தான் கடல் எடுத்துக்கொண்டது என்று தனபாக்கியம் சொன்னாள். அதை ஊர்க் கூட்டத்தில் சொல்லியிருந்தால் நாலு பேர் அழுதிருப்பார்கள், ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும், எல்லாம் ஊருக்குள்ளேயே முடிந்திருக்கும். அவளோ ஊரைத் தாண்டிப் போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் அவள் வீட்டுக்கு வரும் மின்கம்பி அறுந்து விழுந்தது. காற்றில் விழுந்தது என்றார்கள். அந்தக் காற்றின் கையில் கட்டிங் பிளேயர் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். புகாரைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துகொண்டு போ என்பதைத்தான் ஊர் அந்தக் காற்றின் வழியாக அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தது. அவள் இரண்டையும் செய்யவில்லை.

ஊர் வண்டி என்பது ஊர்ப் பொதுவில் வாங்கிய ஒரு பிக்கப். புன்னைக்கோடி மீன் புன்னைக்கோடி வண்டியில்தான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும், வெளி வண்டி ஊருக்குள் நுழையக் கூடாது என்று வண்டி வந்த நாளில் பெருமையாக ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்த வண்டியின் பேட்டரிதான் இப்போது தினமும் செத்துக் கிடந்தது. சாயங்காலம் சார்ஜ் ஏற்றி வைத்தால் விடிந்ததும் ஹாரன் முனகக்கூட முடியாமல் கிடக்கும். புது பேட்டரி போட்டார்கள், அதுவும் செத்தது. பக்கத்து ஊரிலிருந்து வாடகைக்கு ஒன்று கொண்டுவந்தார்கள், அது மத்தியானத்துக்குள் செத்தது. தள்ளி ஸ்டார்ட் செய்தால் ஏலக் கூடத்து வளைவு தாண்டுவதற்குள் இன்ஜின் அணைந்துவிடும்.

"எங்கயோ ஷார்ட் ஆவுது" என்றான் பொன்னுரங்கம். ஊருக்கு ஒரே ஆட்டோ எலக்ட்ரீஷியன் அவன்தான். கோயிலை ஒட்டி ஊருக்குச் சொந்தமான அறைகளில் ஒன்றில் கடை வைத்திருந்தான். படகு பேட்டரிகளும் ஊர் வண்டியும்தான் அவனுக்குச் சோறு.

"எங்கன்னு கண்டுபுடிக்கத்தானடா ஒனக்குக் கடை குடுத்திருக்கு" என்றார் நாட்டார்.

அந்தப் பெண்கள் பேசியதைக் கேட்ட பிறகு பொன்னுரங்கம் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பேட்டரியின் நெகட்டிவ் கிளிப்பைக் கழற்றி, கிளிப்புக்கும் டெர்மினலுக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப்பைக் கோத்துப் பிடித்தான். எங்காவது கரண்டு கசிந்தால் லேம்ப் எரியும், கசிகிற இடத்து ஃபியூஸைப் பிடுங்கினால் அணையும், அவ்வளவுதான் வித்தை. லேம்ப் எரிந்தது. அவன் ஹெட்லைட் ஃபியூஸைப் பிடுங்கினான், லேம்ப் எரிந்தது. ஹாரன், வைப்பர், பிரேக் லைட், டிரைவர் வைத்தி தனக்காக மாட்டிக்கொண்ட பாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கடைசியில் ஃபியூஸ் பெட்டி பல் போன வாயாக நின்றபோதும் லேம்ப் எரிந்தது. ரிலேக்களைக் கழற்றினான், ஆல்டர்னேட்டரைக் கழற்றினான், செல்ஃப் மோட்டாரின் வயரைக் கழற்றித் தொங்கவிட்டான், மொத்த வயரிங்கையும் நண்டு உடைப்பதுபோல் உடைத்துப் போட்டான், அப்போதும் லேம்ப், தனக்கு இதிலெல்லாம் சம்பந்தமில்லை என்பதுபோல் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அப்போது எதிர்ப்புறம், வெறும் மணலும் ஒரு புன்னை மரமும் தாண்டி நின்ற அந்த வீட்டுக்குள்ளிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. வாசல் வழியாகத் தெரிந்த பல்பு அணைந்தது. அவன் கையிலிருந்த லேம்ப்பும் அணைந்தது.

மறுபடி டக் என்றது. இரண்டும் எரிந்தன.

கட்டுப்பாடு வந்த நாளிலிருந்து அந்த வீட்டை நேராகப் பார்த்ததில்லை அவன். இப்போது பார்த்தான், பார்த்துவிட்டு வயர்களைப் பழையபடி மாட்டத் தொடங்கினான்.

"கண்டுபுடிச்சிட்டியாண்ணே?" என்றான் வைத்தி.

"இல்ல."

"அப்பறம் ஏன் அந்த வூட்டப் பாத்தீங்க?"

இப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. அன்று சாயங்காலமே கோயில் முன்னால் ஊர்க் கூட்டம் கூடியது. வயரே இல்லாமல் ஒரு வண்டியிலிருந்து ஒரு வீட்டுக்கு எப்படிக் கரண்டு போகும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கடலில் கண்ணுக்குத் தெரியாத நீரோட்டம் ஒன்று ஓடி வலையை எங்கோ கொண்டுபோவதைத் தினம் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய சங்கதியாகப் படவில்லை. அவர்களுக்கு வேறு கேள்வி இருந்தது.

"வண்டி யாரோடது?" என்றார் நாட்டார்.

"ஊரோடது."

"அப்போ அதுல உள்ள கரண்டு?"

"அதுவும் ஊரோடதுதான்."

"ஊர்க் கரண்டு அந்த வூட்ல எரிஞ்சா, கட்டுப்பாட்ட மீறுனது யாரு?"

ஊர் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் ஊரே ஊரை விலக்கி வைக்க வேண்டியிருக்கும். கடைசியில் பின்வரிசையிலிருந்து யாரோ, "வண்டி" என்றார்கள். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அப்படியாக ஊர் வண்டியை ஊர் விலக்கி வைத்தது. யாரும் அதைத் தொடக் கூடாது, அதன் நிழலில் உட்காரக் கூடாது, அதில் சாய்ந்து பீடி பிடிக்கக் கூடாது.

"நான் வண்டியோட பேசலாமா நாட்டாரே?" என்றான் வைத்தி.

"வண்டியோட என்னாடா பேசுவ?"

"கெட்ட வார்த்தைதான்."

"அதுவும் கூடாது."

வெளி வண்டி வரக் கூடாது, உள்வண்டியைத் தொடக் கூடாது என்று ஆன பிறகு, மீன் பெண்களின் தலையில் ஏறியது. மெயின் ரோடு வரைக்கும் அன்னக்கூடையில் ஐஸ் தண்ணீர் கழுத்தில் வழிய நடந்தவர்கள், போகும்போது நாட்டாரின் வீட்டு வாசலில் நின்று, அவருக்கல்ல, பொதுவாக வானத்தைப் பார்த்து, அவருடைய பாட்டன் பூட்டன் வரை எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போனார்கள். அதனால் சீக்கிரமே வண்டி தண்டம் கட்டி ஊரோடு சேர்த்துக்கொள்ளப்பட்டது. முன் கண்ணாடிக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டிக்குக் குப்புற விழத் தெரியாது என்பதால் அதன் சார்பில் வைத்தி கோயில் முன்னால் விழுந்து எழுந்தான். எழுந்து போய்ச் சாவியைத் திருப்பினான். வண்டி கிர்ரென்று ஒரு தரம் முனகிவிட்டுச் செத்தது. தனபாக்கியம் வீட்டில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அதை யாராவது அணைக்கச் சொல்ல வேண்டும், சொன்னால் பேசினதாக ஆகும். வைத்திதான் வழி கண்டுபிடித்தான். அவள் வீட்டு எல்லைக்கு வெளியே நின்ற புன்னை மரத்துக்கு முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, "மரமே, இப்ப வண்டி எடுக்கணும்" என்றான் சத்தமாக.

வீட்டுக்குள் டக் என்றது. வண்டி கிளம்பியது.

அன்றிலிருந்து புன்னைக்கோடி அந்த மரத்தோடு பேச ஆரம்பித்தது. காலையில் வைத்தி போய் மரத்திடம் கேட்பான், பல்பு அணையும், வண்டி போகும், திரும்பி வந்ததும் பல்பு எரியும். மரத்தோடு பேசுவது கட்டுப்பாட்டை மீறியதாகாது என்று கூட்டத்தில் உறுதி செய்துகொண்ட பிறகு, வைத்திக்கு மட்டும் ஏன் அந்த பாக்கியம் என்று மற்றவர்களும் வந்தார்கள். இத்தனை மாதம் பேசாமல் அடக்கி வைத்திருந்தது அவர்களிடம் நிறைய இருந்தது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று நிதானமாக மரத்தை ஏசினார்கள்.

"மரமே, புருசன முழுங்குனவளுக்கு வெளிச்சம் ஒரு கேடா?"

தனபாக்கியம் ஒரு வெள்ளைக் கோழி வளர்த்தாள். வாசலில் உட்கார்ந்து அதற்கு நொய் இறைத்தபடி சொல்வாள்: "கோழி, முழுங்குனது நானா, அனுப்புன ஆளான்னு அவங்கள்ட்டயே கேளு. கரையில அன்னிக்குக் காதோடதான நின்னாங்க எல்லாரும்?"

"மரமே, ஊர் பேட்டரில குளிர் காயுறியே, வெக்கமா இல்ல?"

"கோழி, ஊர் என் கம்பிய அறுத்துச்சே, அப்ப அந்த வெக்கத்த எங்க கழட்டி வெச்சிருந்துச்சாம்?"

பொன்னுரங்கத்தின் மனைவி குமுதவல்லிகூட ஒருநாள் போனாள். புருஷன் வேண்டுமென்றே ஷார்ட்டைச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறான், அண்ணி பாசம் என்று குழாயடியில் பேச்சு ஆரம்பித்திருந்தது. அடுத்த விலக்கு தங்கள் வீட்டுக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், "மரமே, எங்க வூட்டுக்காரரு யாருக்காவும் எதையும் விட்டு வெக்கல. அவருக்கு ஷார்ட் கெடைக்கல, அவ்ளோதான். எங்கள இதுல இழுத்தா நல்லாருக்காது" என்றாள். கோழிக்கு அன்றைக்கு ஒரு செய்தியும் வரவில்லை. தனபாக்கியம் எழுந்து உள்ளே போய்விட்டாள். குமுதவல்லி வீடு திரும்பிச் சோறு வடித்துவிட்டு, அதைப் போட்டுக்கொள்ளாமல் படுத்திருந்தாள்.

பொன்னுரங்கம் மட்டும் மரத்தடிக்குப் போகவில்லை. அவன் நாளெல்லாம் வண்டியோடு கிடந்தான். பேட்டரியை மொத்தமாக வெளியே தூக்கி, ஒரு வயரும் தொடாமல் மணலில் தனியாக வைத்துப் பார்த்தான். அங்கே பல்பு எரிந்தது, இங்கே பேட்டரி இறங்கியது. வண்டியை மெயின் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தான், அங்கேயும் அப்படித்தான். "இது வயர்ல உள்ள கோளாறு இல்ல நாட்டாரே" என்றான்.

"பின்ன?"

அவன் குனிந்து பேட்டரி கிளிப்பை மாட்டத் தொடங்கினான்.

"வாயத் தொறந்து சொல்லுடா. ஊர் மேல உள்ள கோளாறுங்கிறியா?"

"நான் எதுவும் சொல்லல."

"சொல்லாத. சொல்லாத வரைக்கும் கடை ஒனக்கு."

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன முதல் நாள், யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு இறால் பட்டது. வயிறு முட்ட வந்த படகுகளைப் பார்த்து ஊரே கரைக்கு ஓடியது. மெயின் ரோட்டில் கம்பெனிக்காரர்களின் குளிர் லாரி வந்து நின்றது, சாயங்காலம் வரைதான் நிற்போம் என்றார்கள். ஊர் வண்டியில் பெட்டி பெட்டியாக இறாலை ஏற்றி, ஐஸை உடைத்துப் போட்டு, தார்ப்பாயைக் கட்டிவிட்டு வைத்தி மரத்திடம் போனான்.

"மரமே, வண்டி எடுக்கணும்."

சத்தம் இல்லை. பல்பு பட்டப்பகலில் எரிந்தது.

"மரமே, இறால் ஏத்தியாச்சு."

தனபாக்கியம் கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். "கோழி, மரத்துட்ட இவ்ளோ பேரு பேசுறாங்க. பேச வேண்டியவரு மட்டும் ஒரு நாளும் வரல. அன்னிக்குக் கரையில எங்க வூட்டு ஆளப் பாத்து என்னா சொன்னாருன்னு அவரு வந்து, மரத்தப் பாத்து வேணாம், என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ சொல்லிட்டுப் போவட்டும். அதே வார்த்தைய. நான் அணைக்கிறேன்."

செய்தி கரைக்குப் போவதற்குள் நாட்டார் வந்துவிட்டார், பின்னால் ஊரும் வந்துவிட்டது. வண்டியின் பின்கதவிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி மணலில் கோடு போட்டது. கலியபெருமாள் மரத்தைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைத் தடவினார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சொல்லிட்டுதான் போயேன்யா, எரா அழுவிப் போவுது" என்றாள் பின்னாலிருந்து ஒரு கிழவி.

"எவடி அது?"

எவளும் இல்லை.

நாட்டார் பொன்னுரங்கத்தைத் தேடிப் பிடித்து முன்னால் இழுத்தார். "நீ உள்ள போ. போயி அந்தப் பல்ப, வயர, சுவிட்ச, என்னா இருக்கோ எல்லாத்தயும் அறுத்து எடுத்துட்டு வா."

"வாசல மிதிக்கக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கே."

"இப்ப புதுசா ஒண்ணு போடுறேன். எல்லாரும் கேட்டுக்குங்க. பொன்னுரங்கம் உள்ள போவலாம், கை வெக்கலாம், வாயத் தொறக்கக் கூடாது. ஆச்சேபணை உண்டா?"

யாருக்கும் இல்லை. குமுதவல்லி கூட்டத்துக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"அறுத்துட்டு வந்தா, கடை ஒன்னுது. ஒரு வார்த்தை பேசுனாலும் நீயும் ஒன் பொண்டாட்டியும் அந்தாண்ட" என்றார் நாட்டார் அவன் காதருகே. "அவளுக்கு வெளிச்சம் இருக்குற வரைக்கும் திமிரு இருக்கும். இன்னியோட முடி. நாளைக்கே மூட்டையக் கட்டிருவா."

பொன்னுரங்கம் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு புன்னை மரத்தைத் தாண்டி, வாசலில் உட்கார்ந்திருந்தவளைத் தாண்டி, உள்ளே போனான்.

ஒரே அறைதான். அடுப்பு எரிந்து வெகுகாலமான மூலையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், பாய், மடித்து வைத்த வலை, சுவரில் கைக்கு எட்டும் உயரத்தில் சுவிட்ச் பலகை. பலகைக்குள் வரும் கம்பி வெளியே அறுபட்ட இடத்தில் அறுபட்டபடியே இருப்பதை அவன் பார்த்தான். அது எங்கும் தொடவில்லை. பல்பு எரிந்துகொண்டிருந்தது. கூரை தகரம், அறை அடுப்பாகக் கொதித்தது.

தனபாக்கியம் எழுந்து உள்ளே வந்தாள். நாகமுத்து இருந்த காலத்தில் பார்த்ததற்கு இப்போது அவள் பாதியாக இருந்தாள். கழுத்து வியர்வையை ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு, அவனைப் பார்க்காமல் கோழியிடம் சொன்னாள்:

"கோழி, வந்தவரு வேலையப் பாக்கட்டும். குறுக்க நிக்காத."

கோழி ஒதுங்கியது. அவளும் ஒதுங்கினாள். வெளியே நாட்டார், "ஆச்சா?" என்று கத்தினார். வைத்தி வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்திருந்தான்.

பொன்னுரங்கம் பலகையின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி, மூடியைத் திறந்தான். உள்ளே பல்புக்குப் போகும் வயர் ஒன்று. அதற்குப் பக்கத்தில் எதிலும் சேராமல், நுனி பச்சை பூத்து உடைந்து, இன்னொரு வயர் தொங்கியது. அது எங்கே போகிறது என்று சுவரோடு கண்ணை ஏற்றிக்கொண்டே போனான். உத்தரத்தில் ஒரு ஃபேன் தொங்கியது. இறக்கைகள் மேல் நூலாம்படை படர்ந்திருந்தது.

"என்னாடா பண்ற, எரா போவுது!" என்றார் நாட்டார்.

பொன்னுரங்கம் திரும்பினான்.

"அண்ணி, ஸ்டூல் எதாவது இருக்கா?"

வெளியே, "பேசிட்டான்" என்று ஒரு குரல் சொன்னது. "பேசிட்டாண்டா" என்று இன்னொன்று சொன்னது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அதில் நாட்டாரின் குரலும் குமுதவல்லியின் குரலும் தனித்தனியாகக் கேட்டன, வண்டியில் ஐஸ் சரியும் சத்தம்கூடக் கேட்டது.

தனபாக்கியம் கோழியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அந்தப் பாய்க்குப் பின்னால இருக்கு தம்பி" என்றாள். "ஒரு கால் ஆடும், பாத்து ஏறு."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். நூலாம்படையைக் கையால் துடைத்தான். மேலே இருந்த இணைப்பைத் திறந்து, செத்த நுனியை நறுக்கிவிட்டு, பல்லால் உறையைக் கடித்து இழுத்து, செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினான். இறங்கி வந்து பலகையிலும் அப்படியே செய்தான். மூடியை வைத்து இரண்டு திருகாணிகளையும் இறுக்கினான். வாசலுக்கு அந்தப் பக்கம் கலியபெருமாள் அவன் பெயரைச் சொல்லி, அவன் அப்பன் பெயரைச் சொல்லி, கடைச் சாவியை இங்கே எறி என்று கத்திக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து வாசல் வழியாக வெளியே எறிந்துவிட்டு, ஃபேனைப் போட்டான்.